இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டரும் ஐந்தடுக்குக் கேக்கும்

குழாய் வேலை செய்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒழுகுகிற குழாயைப் பார்த்ததும் "மொத்தமா மாத்திடலாம்" என்பவர்கள் ஒரு வகை. இன்னொரு வகையில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். இது அவருடைய வரலாறு.

அவருக்குப் பெற்றோர் ஒரு பெயர் வைத்தார்கள். அதை இப்போது யாரும் உபயோகிப்பதில்லை. எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும், கருவிப் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே "வாஷர் போயிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் வாஷர்தான் போயிருக்கும். போகாத இடத்தில் வாஷரையும் மாற்றி, உண்மையான கோளாறையும் சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டு, "சொன்னேன்ல, வாஷர்தான்" என்பார். அதனால் தெருவுக்கு அவர் வாஷர் அண்ணன். அண்ணன் என்பது வயதுக்குக் கிடைத்த மரியாதை. வாஷர் என்பது உழைத்துச் சம்பாதித்த பட்டம்.

பெரியவர்களுக்கெல்லாம் ஒரு கொள்கை இருக்கும். வாஷர் அண்ணனுக்கும் இருந்தது: "இறுக்கினா நிக்காத ஒழுக்கு உலகத்துல கிடையாது." கொள்கைக்கு ஏற்ற மணிக்கட்டையும் இயற்கை அவருக்குக் கொடுத்திருந்தது. மணிக்கட்டு போதாத இடத்தில் ஸ்பானரின் வாலில் முழ நீள இரும்புக் குழாய் ஒன்றைச் செருகிக்கொண்டு திருகுவார். அவர் இறுக்கியது இறுக்கியதுதான். அவர் மூடிவிட்டுப் போன குழாயைத் திறக்க அவரையே மறுபடி கூப்பிட்ட வீடுகள் உண்டு. கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் வந்து திறந்துவிட்டுப் போவார். போகும்போது மறுபடி மூடாமல் போக வேண்டுமே என்று வீட்டுக்காரர்கள் கவலையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவருடைய தொழில் வாழ்க்கையில் ஒரே ஒரு குழாய் மட்டும் சரிசெய்யச் சரிசெய்ய ஒழுகியது. அது ஒரு ரயில்வே சிக்னல்காரர் வீட்டுச் சமையலறைக் குழாய். அந்த வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள் என்பதற்கும் குழாய்க்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் சிக்னல்காரர் தூரத்தில் வருவதை முன்கூட்டியே பார்த்துப் பழகியவர். "பொண்ணைக் கட்டிக் குடுத்தாத்தான் இந்தக் குழாய் நிக்கும் போலிருக்கு" என்று சொல்லிக் கட்டிக்கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து அது ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், கண்பார்வை மங்கியபோது, சிக்னல்காரர் தம் பழைய காரின் சாவியை மகனுக்கும் கொடுக்காமல், மாப்பிள்ளைக்கும் கொடுக்காமல், மகளிடம் கொடுத்தார். மகனுக்குக் கொடுத்தால் விற்றுவிடுவான், மாப்பிள்ளைக்குக் கொடுத்தால் கைப்பிரேக்கை இறுக்கிவிடுவார் என்பது அவருடைய கணிப்பு. இரண்டும் சரியான கணிப்புகள்.

அந்தக் கார், வாஷர் அண்ணனைவிட வயதில் மூத்தது. உருண்டை மூக்கு, வானத்து நீலம், தொப்பை விழுந்த கதவுகள். உட்கார்ந்தால் ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவ்வளவு இளகிய ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கை நம்பித்தான் மனைவியின் தொழிலே நடந்தது. அவர் கேக் செய்பவர். தெருவில் கேக்காரம்மா என்றால் போதும், வெண்ணிலா வாசனையே வழி காட்டிக் கூட்டிவந்துவிடும். பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பலகை போட்டிருந்தார். அடுக்குக் கேக்குகள் அதில் பல்லக்கு ஏறியது போல ஊர்வலம் போகும். கேக்காரம்மாதான் ஓட்டுவார். வாஷர் அண்ணன் கேக்குக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, தொடாமல் காவல் காப்பார். தொடக்கூடாது என்பது உத்தரவு.

காருக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மூச்சுதான் சரியில்லை. சமதரையில் போகும்வரை தெரியாது. மேட்டுச் சாலையின் இரண்டாவது வளைவு வந்ததும் இருமும், ஒரு குலுக்கல் குலுக்கும், அப்புறம் ஞாபகம் வந்தது போல ஏறும். ஒருமுறை நூலகத்துக்குப் போன கேக்கின் மேலடுக்கு, பக்கத்துச் சீட்டுக்காரர் பத்திரிகையை எட்டிப் படிப்பவர் மாதிரி சாய்ந்தபடி போய்ச் சேர்ந்தது. கேக்காரம்மா முகம் மாறாமல் "இது புது டிசைன்" என்றார். நூலகத்தார் நம்பினார்கள். நம்பியது மட்டுமல்ல, இன்னும் இரண்டு பேர் அதே டிசைன் கேட்டு வந்தார்கள்.

மேட்டுச் சாலையின் உச்சியில் இருந்த விடுதியின் மேலாளரம்மா அப்படி நம்புகிற ரகமில்லை. அவர் கேக்காரம்மாவுக்கு ஒரு சோதனை வைத்தார். விடுதியின் ஆண்டு விழாவுக்கு ஐந்தடுக்குக் கேக் வேண்டும். ஞாயிறு மதியத்துக்குள் மேலே வந்து நிற்க வேண்டும். நேராக நிற்க வேண்டும். நின்றால், இனி விடுதியின் கேக் எல்லாம் கேக்காரம்மா கையால். சாய்ந்தால், இப்போது போல் தொழிற்சாலைக் கேக்கே தொடரும். கேக்காரம்மா இந்த ஒரு வாய்ப்புக்காக எத்தனை காலம் காத்திருந்தார் என்பது, செய்தி வந்த அன்று அவர் அடுப்பில் வைத்ததை மறந்து கரியவிட்டதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. கேக்காரம்மா கரியவிட்டது அதுவே முதல் தடவை.

கேக்காரம்மாவின் தம்பி உடனே வந்தான். அவனிடம் மேசை நாற்காலி ஏற்றும் வேன் ஒன்று இருந்தது. "அக்கா, எதுக்கு யோசிக்கிறே? என் வேன்ல ஏத்திடு" என்றான்.

"உன் வேன்ல போனா கேக் போய்ச் சேரும்டா. அடுக்கு போய்ச் சேராது" என்றார் அக்கா.

இங்கேதான் வாஷர் அண்ணன் வாயைக் கொடுத்தார். கார் மேடு ஏறும் பொறுப்பு தம்முடையது என்றார். சும்மா ஏறாது, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறும் என்றார். மச்சினன் மாமாவை ஏற இறங்கப் பார்த்தான். கேக்காரம்மா மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"வெண்ணெய் என் பக்கம். நீங்க வண்டியைப் பாருங்க."

வாஷர் அண்ணன் வண்டியைப் பார்த்தார். முன்மூடியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குத் தைரியம் வந்தது. காரணம், உள்ளே இருந்தது அவருக்குத் தெரிந்த உலகம். மேலே கார்புரேட்டர்: பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் குழாய்த்தலை. அதற்குள் மிதவை ஒன்று; கழிப்பறைத் தொட்டியில் இருக்கிற அதே மிதவையின் குட்டித் தம்பி. அதற்குக் கீழே மேனிஃபோல்டு: ஒரு குழாய் நாலாகப் பிரிந்து எஞ்சினின் நாலு அறைக்கும் போகிற இடம். மாடி வீடுகளில் தாம் எத்தனையோ முறை செய்த வேலைதான் இது என்று தோன்றியது. பழைய மேனிஃபோல்டு குறுகலான வார்ப்பிரும்பு. பழைய கார்புரேட்டருக்கு ஒரே தொண்டை. அதன் நடு அச்சு, விழப் போகும் பால்பல் மாதிரி ஆடியது. ஜலதோஷம் பிடித்த ஒற்றை மூக்குத் துவாரத்தால் மூச்சுவிட்டுக்கொண்டு மலை ஏறு என்றால் யார் ஏறுவார்கள்?

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டு கதவு அகலமே உள்ள கடையில், கார்புரேட்டர் மட்டும் பழுது பார்ப்பவர் ஒருவர் இருந்தார். கார்புரேட்டருக்குள் போகும் ஜெட் எனும் பொடிப்பொடிப் பித்தளைத் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பதால் அவருக்கு ஜெட் என்றே பெயர். நடந்தால் கொலுசு போட்டவர் மாதிரி சத்தம் வரும். அவர் யோசித்துச் சொன்னார்: இதே எஞ்சினைக் கொஞ்சம் பெரிதாக்கி அதே கம்பெனி பின்னால் ஒரு கார் விட்டது. அதில் அலுமினிய மேனிஃபோல்டும் இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டரும் இருக்கும். போல்ட் துளைகள் அப்படியே பொருந்தும். சமதரையில் முதல் தொண்டை மட்டும் வேலை செய்யும். பெடலை மேலும் அமுக்கினால், தேவை பார்த்து இரண்டாவது தொண்டை திறந்துகொள்ளும்.

இதைக் கேட்ட வாஷர் அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டம் வரும்போது மட்டும் தானாகத் திறக்கும் இரண்டாவது குழாய்! இதைக் கண்டுபிடித்தவன் ஏன் தண்ணீர்த்துறைக்கு வராமல் கார்ப் பக்கம் போனான் என்று வருந்தினார். பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடத்தில் ஒரு நாள் முழுக்க முட்டிபோட்டுத் தேடி, இரண்டையும் கண்டுபிடித்து, குழந்தையைத் தூக்கிவருவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

பிறகு நடந்தவற்றைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, பழைய மேனிஃபோல்டின் துருப்பிடித்த நட்டுகளோடு அவர் பேச்சுவார்த்தை தொடங்கினார். வேறொருவராக இருந்தால் பலத்தைக் காட்டி நாலு போல்ட்டை முறித்திருப்பார். துரு விஷயத்தில் வாஷர் அண்ணன் அவசரமே படமாட்டார். எண்ணெய் விட்டார்; காத்திருந்தார். மெல்லத் தட்டினார், காத்திருந்தார். கால்திருகு முன்னே, அரைத்திருகு பின்னே என்று, அடம்பிடிக்கும் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது போல ஒவ்வொன்றாக வெளியே வரவைத்தார். ஒன்றுகூட முறியவில்லை. ஜெட் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டார். அது அவர் வணக்கம் வைக்கும் முறை.

புதியவை, அவருடைய வழக்கமான இறுக்கத்தோடு, ஏறின. பெடலிலிருந்து வரும் கம்பி எட்டவில்லை. வாஷர் அண்ணன் தம் பையைத் துழாவி, பிளஷ் தொட்டியின் மிதவைக் கம்பி ஒன்றை எடுத்து வளைத்துச் சேர்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. இதைக் கேக்காரம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவரும் ஜெட்டும் முடிவு செய்தார்கள். அடுத்து, புது கார்புரேட்டர் உயரமாக இருந்ததால், காற்று வடிகட்டியின் டப்பா இடித்து முன்மூடி மூட மறுத்தது. தாழ்வான டப்பா ஒன்று தேவைப்பட்டது, வீட்டில் கிடைத்தது. அடுத்த நாள் கேக்காரம்மா ஒன்பதங்குல வட்டத் தட்டைக் காணோமென்று சமையலறையைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருக்க, அது வெளியே எஞ்சின் மேல், விளிம்பில் துளைகளோடு, புதுவாழ்வு தொடங்கியிருந்தது. கண்டுபிடித்ததும் அவர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அது நான் பஞ்சு கேக் சுடற தட்டு."

"இதுவும் காத்தை வெச்சுத்தாம்மா உப்புது" என்றார் வாஷர் அண்ணன்.

கேக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

எஞ்சின் முதல் திருப்பிலேயே உயிர் பெற்றது. வாஷர் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். கேட்கக் கேட்க மூடிய கண்கள் சுருங்கின. எஞ்சின் ஒரு நிலையில் நிற்கவில்லை. உறுமி ஏறியது, தொண்டை கட்டி இறங்கியது, மறுபடி ஏறியது. திட்டு வாங்கும்போது துள்ளித்துள்ளி அடங்குகிறவன் மாதிரி. பெடலை அழுத்தினால் கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல்.

கேக்காரம்மாவின் பரிசோதனை எளிமையானது. ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றிப் பின்பலகையில் வைத்துவிட்டு, மேட்டுச் சாலையின் முதல் வளைவுவரை ஓட்டிப்போய்த் திரும்பினார். கிண்ணத்தில் பாதித் தண்ணீர்கூட மிச்சமில்லை. மீதி வாஷர் அண்ணனின் மடியில் இருந்தது. பழைய கார்புரேட்டர் இரண்டாவது வளைவில்தான் குலுக்கும். புதியது முதல் வளைவிலேயே ஆரம்பித்துவிட்டது. முன்னேற்றம்தான், ஆனால் திசை தவறு.

வாஷர் அண்ணன் கலங்கவில்லை. குலுக்கல் என்றால் எங்கோ ஒழுக்கு. மெல்லிய காகிதத்தைக் கிழித்து ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் ஒற்றிப் பார்த்தார். எல்லாம் கருவாடாகக் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. இருந்தாலும் கொள்கை கொள்கைதானே? மேனிஃபோல்டின் நட்டுகளை இறுக்கினார். நடுவில் இருந்தவை குழாய்களுக்கு அடியில் ஒளிந்திருந்தன. அங்கே குட்டி ஸ்பானர்தான் நுழைந்தது. இரண்டு ஓரத்து நட்டுகளுக்குப் பெரிய ஸ்பானர் எட்டியது. அதன் வாலில் முழக்குழாயைச் செருகி, பல்லைக் கடித்துத் திருகினார். எஞ்சின் முன்பைவிட மோசமாக இருமியது. மறுபடி இறுக்கினார். மேலும் மோசம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே பூதம் கிளம்பியும் அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை.

அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கேக்காரம்மா உள்ளே சர்க்கரைப் பூக்கள் செய்துகொண்டிருந்தார். வண்டி என்னாச்சு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பரவாயில்லை என்று வாஷர் அண்ணனுக்கு இருந்தது. மச்சினன் வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு காலையிலும் மாலையிலும் வந்து போனான். வாயைத் திறக்கவில்லை. சாவிதான் பேசியது.

வேறு வழியில்லாமல் வாஷர் அண்ணன் ஜெட்டைக் கூட்டிவந்தார். ஜெட் கார்புரேட்டரைத் திறந்து, ஊதி, முகர்ந்து, மூடினார். அப்புறம் சொல்லத் தயங்கியபடி சொன்னார்.

"அண்ணே, கார்புரேட்டர் தங்கமா இருக்கு. உங்க ஜாயின்ட்லதான் லீக்."

தெருவில் யாரும் வாஷர் அண்ணனிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"என் ஜாயின்ட்லயா? ஒரு சொட்டு காட்டு."

"சொட்டு வராதுண்ணே. இது வெளியே போற லீக் இல்ல. உள்ளே வர்ற லீக். தண்ணி தள்ளும். எஞ்சின் உறிஞ்சும். எங்கேயோ சந்து வழியா வெறும் காத்தை இழுத்துக்குது. பெட்ரோல் கலவை நீர்த்துப் போகுது. அதான் இருமுது."

வாஷர் அண்ணன் கவிழ்த்துவைத்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். ஒழுக்கு என்பது உள்ளிருந்து வெளியே வருவது என்ற நம்பிக்கையில் ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் தொழில் செய்து, பெயர் வாங்கி, பெண் கட்டி, வீடு கட்டியிருக்கிறார். திடீரென்று ஒருவன் வந்து, உள்ளே ஒழுகுகிற ஒழுக்கும் உண்டு, அது சொட்டாது, நனைக்காது, கண்ணில் படாது என்கிறான். சாதாரண ஆளாக இருந்தால் ஜெட்டோடு சண்டை போட்டு, அவனுக்குத் தொழில் தெரியாது என்று தெருவெல்லாம் சொல்லி, மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். ஆடத் தெரியாதவர்களுக்குக் கூடம் கோணலாக இருப்பது உலக வழக்கம்.

வாஷர் அண்ணன் எழுந்து போய்த் தம் பையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எடுத்துவந்தார்.

சுவருக்குள் புதைந்த குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பார். வைத்தியர்கள் நெஞ்சில் வைப்பது போலத்தான். இப்போது ஓடும் எஞ்சினின் மேனிஃபோல்டு ஓரமாக அந்த முனையை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். முதல் அறைக்கு எதிரே, வெறும் இரைச்சல். நாலாவதுக்கு எதிரே, இரைச்சல். நடுவில், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே, கை அப்படியே நின்றது. பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல மெல்லிய 'ஸ்ஸ்ஸ்'. கேட்கக் கேட்க அவர் முகத்தில் பயங்கரமான சந்தோஷம் பரவியது. குழாயின் முனையை ஜெட்டின் காதில் வைத்தார். அப்புறம் உள்ளே போய்க் கேக்காரம்மாவைப் பூவும் கையுமாக இழுத்துவந்து அவர் காதிலும் வைத்தார்.

"என் ஜாயின்ட்தாம்மா லீக்கு" என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

மேனிஃபோல்டு மறுபடி கீழே இறங்கியது. புரட்டிப்போட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேக்காரம்மா கையோடு கொண்டுவந்திருந்த ஸ்டீல் ஸ்கேலை, அடுக்கின் மேற்புறம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் அதே ஸ்கேலை, அலுமினியத்தின் முகத்தில் நீளவாக்கில் வைத்து, குனிந்து, ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தார். இரண்டு ஓரமும் ஸ்கேலைத் தொட்டன. நடுவில் ஒரு கீற்று வெளிச்சம்.

"நடுவுல அமுங்கியிருக்கு. கேக்கா இருந்தா நான் வெளியே அனுப்பியிருக்கவே மாட்டேன்."

வாஷர் அண்ணனுக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது. அலுமினியம் வார்ப்பிரும்பு இல்லை, பொறுத்துக்கொள்ளாது. எட்டிய ஓரங்களை முழக்குழாய் போட்டு இறுக்க இறுக்க, ஓரங்கள் வளைந்து எஞ்சினோடு ஒட்டின. நடு விலகி வாயைத் திறந்தது. இறுக்கி இறுக்கியே அந்த ஒழுக்கைச் செய்தவர் அவர்தான். தம் கொள்கையைத் தாமே உடைக்கும் கட்டம் வரும்போது மகான்கள் நீண்ட பிரசங்கம் செய்வது வழக்கம். வாஷர் அண்ணன் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உப்புத்தாள் வாங்கக் கிளம்பினார். தோற்றதை ஒப்புக்கொள்ள இவ்வளவு குறைந்த நேரம் எடுத்துக்கொண்டவர்கள் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை.

கேக்காரம்மா சர்க்கரை மாவு தேய்க்கிற கனத்த கண்ணாடிப் பலகையைத் தந்தார். கேக்குக்கு முன்தினம் அதைத் தருவது சின்ன விஷயமில்லை. அதன் மேல் உப்புத்தாளை விரித்து ஒட்டினார்கள். மேனிஃபோல்டின் முகத்தில் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் கிழித்து, தாளின் மேல் கவிழ்த்துத் தேய்த்தார் வாஷர் அண்ணன். சற்றுத் தேய்த்துத் திருப்பிப் பார்த்தால், ஓரத்துக் கோடுகள் அழிந்திருக்கும். நடுக்கோடுகள் அப்படியே இருக்கும். மறுபடி தேய்ப்பு. அழுத்தக்கூடாது, அதன் கனமே போதும். சனிக்கிழமை முழுக்கத் தேய்த்தார். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் எல்லாக் கோடுகளும் ஒன்றாக மறைந்தபோது, ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் நுழையவில்லை.

பொருத்தும்போது கேக்காரம்மா வாசலில் நின்று கையை நீட்டினார்.

"குழாயைக் குடுங்க."

முழக்குழாய் கைமாறியது. அவர் அதை உள்ளே கொண்டுபோய் எங்கே வைத்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வாஷர் அண்ணன் குட்டி ஸ்பானரை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வொரு நட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு விரல் பலத்தில் சுற்றினார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இன்னும் ஒரு கால்திருகு என்று மணிக்கட்டு கெஞ்சியது. கேட்காமல் கையை எடுத்தார். அவர் வாழ்நாளில் இறுக்கியவை ஏராளம். இறுக்காமல் விட்டது இதுவே முதல். எது கஷ்டம் என்று அவரைக் கேட்டால் தெரியும்.

கார் நின்ற இடத்தில் எஞ்சின் ஒரே சுருதியில் ஓடியது. பலகையில் வைத்த கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் மேட்டில் ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. கேக்காரம்மாவுக்கு இன்னும் இரண்டு அடுக்குக்குக் கிரீம் பூச வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை ஐந்தடுக்கும் ஏறின. தூய வெள்ளை, அடுக்குக்கு அடுக்கு சின்னதாகி, உச்சியில் சர்க்கரைப் பூக்கொத்து. வாஷர் அண்ணன் பக்கத்தில் குந்திக்கொண்டார். மச்சினன், எதற்கும் இருக்கட்டும் என்று வேனில் பின்தொடர்ந்தான்.

முதல் வளைவு போனது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வளைவும் போனது. வாஷர் அண்ணன் பூக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இதழ்கூட அசையவில்லை. நேர்மேட்டில் கார் சீராக ஏறிக்கொண்டிருந்தபோது, முன்னால் போன பேருந்து, ஆள் ஏற்றுவதற்காக, மேட்டின் நட்டநடுவே நின்றது.

கேக்காரம்மா பிரேக் போட்டார். கார் செங்குத்துச் சரிவில் நின்றது. பின்னால் மச்சினனின் வேன். இந்த இடத்தில் நின்று கிளம்புவது நல்ல காருக்கே கொஞ்சம் யோசனைதான். பழைய நாளாக இருந்தால் இருமி, உதறி, மேலடுக்கைக் கண்ணாடியில் அப்பியிருக்கும். வாஷர் அண்ணனின் கை தானாகக் கேக்கை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க" என்றார் கேக்காரம்மா, திரும்பிப் பார்க்காமலே.

கை திரும்பி மடிக்கு வந்தது. பேருந்து புகையை விட்டுக்கொண்டு நகர்ந்தது. கேக்காரம்மா கைப்பிரேக்கை மெல்ல இறக்கி, பெடலை மெல்ல அழுத்தினார். முதல் தொண்டை மூச்சிழுத்தது. அவர் இன்னும் அழுத்தினார். எஞ்சினின் குரல் ஒரு படி கனத்தது; இரண்டாவது தொண்டை திறந்துகொண்டது. தும்மல் இல்லை, குலுக்கல் இல்லை. மேடு தானே கீழே இறங்குவது போல கார் மேலே போனது. விடுதி வாசல் வந்தபோதும் பூக்கொத்து நேராகவே நின்றது.

மேலாளரம்மா கேக்கைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். கேக்காரம்மா ஜன்னல் வழியாக நீலக் காரைக் காட்டினார். மேலாளரம்மா நம்பவில்லை. ஆனால் கேக் நேராக நின்றது. அதை நம்பாமல் இருக்க முடியவில்லை. அடுத்த மாதத்துக்கு என்னென்ன தேவை என்று அங்கேயே நின்று சொல்லத் தொடங்கினார்.

வெளியே வந்தபோது மச்சினன் முன்மூடியைத் திறந்துவைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா, இதை என் வேனுக்கும் போட முடியுமா என்று கேட்டான். வாஷர் அண்ணன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் மச்சினன் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். மூடியைச் சாத்திவிட்டு, பழக்க தோஷத்தில் மறுபடி பின்பலகையிலேயே ஏறிக் குந்திக்கொண்டார்.

கேக்காரம்மா இறக்கத்தில் மெதுவாக இறங்கினார். அடிவாரம் வந்தது. வீடு இடது பக்கம். அவர் இடது பக்கம் திருப்பவில்லை. வண்டியை அரைவட்டம் அடித்து, மறுபடி மேட்டைப் பார்க்க நிறுத்தினார்.

"ஏதாவது விட்டுட்டு வந்துட்டியா?" என்றார் வாஷர் அண்ணன்.

"இல்லைங்க. சும்மா இன்னொரு தடவை ஏறிப் பார்க்கலாம்னு."

சொல்லிவிட்டுப் பெடலைத் தரைவரை அமுக்கினார். இரண்டு தொண்டையும் ஒன்றாகத் திறந்தன. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத பலகையில் வாஷர் அண்ணன் கதவுக்கும் கதவுக்குமாக உருண்டுகொண்டே, மெதுவா, மெதுவாம்மா என்றார்.

"பின்னால கேக் இல்லைங்க" என்றார் கேக்காரம்மா, முதல் வளைவைத் திருப்பியபடி. "நீங்கதான் இருக்கீங்க."